ரிமோட் பிடித்த கை

தலைவர் அவர்களே, நண்பர்களே, வணக்கம்.

ஒரு பொம்மை முயலிலிருந்து ஆரம்பிக்கிறேன். எனர்ஜைசர் பேட்டரி விளம்பரத்தில் வரும் இளஞ்சிவப்பு முயல். கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கும். வயிற்றுக்கு முன்னால் பெரிய டிரம். நிற்காமல் அடித்துக்கொண்டே போகும். பார்க்கிறவர்களுக்கு அவ்வளவுதான் தெரியும். ஆனால் அந்த அடி ஒரே சீராக விழவேண்டும். ஓர் அடி பிந்தினாலும் முயல் களைத்துவிட்ட மாதிரி இருக்கும். களைத்துப்போன முயலை வைத்துக்கொண்டு எந்த பேட்டரியை விற்பது? கையும் காதும் மாறாத வேகத்தில் ஆட, அதற்கென்றே ஒரு மின்சுற்றை வடிவமைத்தவர் ஓர் இளம் பொறியாளர். படப்பிடிப்பில் அந்த முயலை இயக்கியவரும் அவர்தான். பெயர் கிராண்ட் இமஹாரா.

நான் பேச வந்தது அவரைப் பற்றி. கேமராவுக்குப் பின்னால் இருந்து முன்னால் வந்தவர் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில் இருக்கும் தூரம் சாதாரணமானதில்லை. ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் கலைஞனின் வேலையே வேலையை மறைப்பது. கம்பி தெரியக்கூடாது, மோட்டார் சத்தம் கேட்கக்கூடாது, அவன் அங்கே இருந்ததே யாருக்கும் தெரியக்கூடாது. தொலைக்காட்சித் தொகுப்பாளருக்கோ முகம்தான் முதல். ஒளிந்து பழகியவர் எப்படி வெளிச்சத்துக்கு வந்தார்?

1970 அக்டோபர் 23, லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்தார். ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர். சின்ன வயதில் ஜேம்ஸ் பாண்ட் ஆக ஆசைப்பட்டதே இல்லையாம். பாண்டுக்குக் கருவிகள் செய்துகொடுக்கும் கியூவாகத்தான் ஆக ஆசைப்பட்டாராம். பின்னாளில் அவரே பேட்டியில் சொன்னது. யோசித்துப் பாருங்கள், ஒரு பையன் திரையைப் பார்க்கிறான். கதாநாயகனை விட்டுவிட்டு, இரண்டு நிமிடம் வந்துபோகிற கிழவரைப் பிடித்துக்கொள்கிறான்!

தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படித்தார். நடுவில் அலுத்துப்போய், திரைக்கதை எழுதப் போய்விடலாமா என்று நினைத்திருக்கிறார். அங்கே இருந்த ஆலோசகர் ஒருவர் அவரை டாம்லின்சன் ஹோல்மனிடம் அனுப்பிவைத்தார். திரையரங்க ஒலிக்கான டி.எச்.எக்ஸ். தரத்தை உருவாக்கியவர் ஹோல்மன். பொறியியலையும் சினிமாவையும் ஒரே மேஜையில் வைத்துக்கொள்ளலாம் என்று அங்கேதான் பையனுக்குப் புரிந்தது. 1993இல் பட்டம். அப்புறம் ஸ்டார் வார்ஸ் படங்களை எடுத்த லூகாஸ்ஃபிலிமில் ஒன்பது ஆண்டுகள்: முதலில் டி.எச்.எக்ஸ்., பிறகு அதன் ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் நிறுவனமான இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக்கின் மாடல் பட்டறை.

அந்தப் பட்டறையில் அவர் கைக்கு வந்த முக்கியமான ஆள் ஆர்-டூ-டி-டூ. ஸ்டார் வார்ஸ் படங்களில் விசிலடித்துக்கொண்டு உருளும் நீலமும் வெள்ளையுமான குட்டி ரோபோ. 1976இல் துனிசியாவில் முதல் படம் எடுத்தபோது அது படுத்திய பாடு பிரசித்தம். ரிமோட்டில் ஒன்று சொன்னால் அது ஒன்று செய்யும். கண்ட ரேடியோ அலைக்கும் இழுபட்டு எதிலாவது போய் முட்டும். பல காட்சிகளில் கென்னி பேக்கர் என்ற குள்ள நடிகர் உள்ளே உட்கார்ந்து ஆட்டித்தான் சமாளித்தார்கள். 1999இல் தொடங்கிய மூன்று முன்கதைப் படங்களுக்காக அந்த ரோபோவை நவீனப்படுத்தியவர்களில் இமஹாராவும் ஒருவர். அதை இயக்க அதிகாரபூர்வமாக அனுமதி பெற்றிருந்தவர்கள் சிலர்தான். அதிலும் அவர் இருந்தார்.

ரிமோட் பிடிப்பது பொத்தான் அமுக்குகிற வேலைதானே என்று தோன்றும். யாராவது கூப்பிட்டால் நாம் எப்படித் திரும்புகிறோம்? முதலில் தலை, பிறகு உடம்பு. எல்லாம் ஒரே நொடியில் திரும்பினால் அது அலமாரி. தலை அரை நொடி முந்தினால் அது ஆள். பொம்மலாட்டக்காரர்களுக்கு இது காலகாலமாகத் தெரியும். நூலுக்குப் பதில் ரேடியோ அலை, அவ்வளவுதான் வித்தியாசம்.

2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் பேட்டில்பாட்ஸ் போட்டிகளில் டெட்ப்ளோ என்று ஒரு சண்டை ரோபோவை இறக்கினார். காற்றழுத்தத்தில் இயங்கும் சுத்தியல்தான் அதன் ஆயுதம். எனக்கு அதைவிடப் பிடித்தது, 2003இல் சண்டை ரோபோ கட்டுவது எப்படி என்று ஒரு புத்தகமே போட்டார். எதிராளியும் காசு கொடுத்து வாங்கிப் படிப்பானே! மறைத்துப் பழகிய மனிதர் திறந்துகாட்ட ஆரம்பித்தது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

2005இல் மித்பஸ்டர்ஸ். 2003 முதல் டிஸ்கவரி சேனலில் ஓடிய நிகழ்ச்சி; ஊரில் உலவும் கதைகளை எடுத்து உண்மையா பொய்யா என்று செய்துபார்ப்பார்கள். அதை நடத்திய ஜேமி ஹைன்மன், ஆடம் சாவேஜ் இரண்டு பேருமே எஃபெக்ட்ஸ்காரர்கள். சாவேஜும், இன்னொரு குழுவிலிருந்த டோரி பெலேச்சியும் இமஹாரா இருந்த அதே நிறுவனத்தின் மாடல் பட்டறையில் வேலை பார்த்தவர்கள். கேரி பைரன், பெலேச்சி, இமஹாரா மூவரும் ஒரு குழு. சினிமாவில் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டிருந்த நேரம் அது. 2006இல் அந்த மாடல் பட்டறையே தாய் நிறுவனத்திலிருந்து பிரிந்து வேறு கைக்குப் போய்விட்டது. கையால் செய்கிறவர்களுக்குச் சினிமாவில் இடம் சுருங்கியபோது தொலைக்காட்சி நாற்காலி போட்டது.

அங்கே அவருடைய வேலை என்ன? பேஸ்பால் மட்டையைக் குடைந்து உள்ளே தக்கையை அடைத்தால் பந்து அதிக தூரம் போகும் என்றொரு நம்பிக்கை உண்டு. அதைச் சோதிக்கவேண்டும். ஒரு மனிதரிடம் மட்டையைக் கொடுத்து அடிக்கச் சொன்னால் முதல் அடி ஒரு மாதிரி, பத்தாவது அடி ஒரு மாதிரி. தக்கை மட்டை என்று தெரிந்துவிட்டால் கை தன்னை அறியாமலே ஓங்கும். அதனால் இயந்திரம் வேண்டும், ஒவ்வொரு முறையும் அதே வேகத்தில், அதே கோணத்தில் வீச. பார்த்தால், தக்கை மட்டையில் பட்ட பந்து மெதுவாகத்தான் போனது. மட்டை லேசாகிவிட்டதால் பந்துக்குப் போய்ச் சேரும் உந்தமும் குறைகிறது. சரி, இந்த இயந்திரம் எதை ஞாபகப்படுத்துகிறது? அதே முயல்! ஒரே சீராக அடிக்கவைக்கும் வித்தை. விளம்பரத்தில் அது கண்ணைக் கட்டியது, இங்கே கண்ணைத் திறந்தது.

நடிப்பு என்று பெரிதாக ஒன்றும் செய்யமாட்டார். மற்ற இருவரும் சிரித்துக் கும்மாளமிடும்போது சர்க்யூட் போர்டோடு ஓர் ஓரமாக நிற்பார். ஆனால் கடல் மயக்கத்துக்கு எது மருந்து என்று பார்த்த நிகழ்ச்சியில், சுழலும் நாற்காலியில் உட்கார்ந்து அவதிப்பட்டது சாவேஜும் இவரும். கைவைத்தியங்களில் தேறியது இஞ்சி. இயந்திரத்தை ஆட்டிவைத்தவர் தானே இயந்திரத்தில் உட்கார்ந்து முகம் வெளுத்ததை எல்லாரும் பார்த்தார்கள். ஜனங்களுக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த மாதிரி நேரங்களில்தான்.

2010இல் இன்னொரு கூத்து. இரவு நிகழ்ச்சி நடத்திவந்த கிரெய்க் ஃபெர்கசன் தனக்கு ஒரு ரோபோ துணை வேண்டும் என்றார். ட்விட்டரில் எனக்கு ஒரு லட்சம் பேரைச் சேர்த்துவிடுங்கள், செய்துதருகிறேன் என்றார் இமஹாரா. சேர்த்துவிட்டார், இவரும் செய்துகொடுத்தார். எலும்புக்கூடு உடம்பு, மண்டை நடுவில் உலோக முடி. பெயர் ஜெஃப் பீட்டர்சன்.

ஒரு நெருடலையும் சொல்லிவிடவேண்டும். 2014இல் மித்பஸ்டர்ஸை விட்டு வந்த சில மாதங்களிலேயே, தன் உணவைப் பற்றிய சந்தேகங்களைத் தீர்ப்பதாகச் சொல்லி மெக்டொனால்ட்ஸ் எடுத்த விளம்பரத் தொடரில் தோன்றினார். பொய்களை உடைப்பவர் என்ற பெயரைச் சம்பாதிக்க ஒன்பது வருடம் பிடித்தது. அந்தப் பெயரை விளம்பரத்துக்குக் கொடுத்ததில் எனக்கு உடன்பாடில்லை. முயலுக்குள் சர்க்யூட் வைத்ததும் விளம்பரம்தானே என்று நீங்கள் கேட்கலாம். அங்கே அவர் முகம் தெரியவில்லை.

2020 மார்ச்சில் தன் சொந்த நேரத்தில் மூன்று மாதம் உழைத்துச் செய்த ஒன்றை வெளியே காட்டினார். ஸ்டார் வார்ஸ் தொலைக்காட்சித் தொடரில் வந்து எல்லாரையும் மயக்கிய, பெரிய காதும் பெரிய கண்ணுமான பேபி யோடாவின் ரோபோ வடிவம். வடிவமைப்பு, முப்பரிமாண அச்சு, நிரல் எல்லாமே அவர் கை. யாரும் கேட்டுச் செய்ததில்லை, எந்தப் படத்துக்கும் இல்லை. குழந்தைகள் மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோய்க் காட்டவேண்டும் என்பது திட்டம். அதே மாதம்தான் ஊரெல்லாம் கதவடைத்தது.

ஜூலை 13 அன்று மூளையில் ரத்தக்குழாய் வெடித்து இறந்துபோனார். வயது 49.