வீட்டைப் பார்த்து மறுக்கப்படும் பிணை

வணக்கம். பதினெட்டு வயது நிரம்பாத ஒரு பையன் மீது வழக்கு வந்துவிட்டால், "கொஞ்ச நாள் உள்ளே இருந்தால்தான் புத்தி வரும்" என்று பெரியவர்களே சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி அவனை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கவே கூடாது. 24 மணி நேரத்துக்குள், சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். அப்புறம், பிணை தருவதுதான் விதி. ஜாமீன்தாரர் இல்லாமலும் தரலாம். மறுக்க மூன்றே காரணங்கள்: வெளியே போனால் குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவன் உடலுக்கோ மனதுக்கோ ஒழுக்கத்துக்கோ ஆபத்து, அல்லது நீதியின் நோக்கமே கெட்டுவிடும்.

அந்த நடுவில் உள்ள காரணம் இருக்கிறதே, அதைத்தான் மாற்ற வேண்டும் என்று போகிற இடமெல்லாம் சொல்லி வருகிறேன்.

ஒரு செல்போன் பறிப்பு வழக்கு. இரண்டு பையன்கள், ஒரே வகுப்பு. அப்பாவும் சொந்த வீடும் உள்ள பையன் அன்றைக்கே வீட்டுக்குப் போனான். இன்னொருவனைப் பற்றிய அறிக்கையில், "தந்தை இல்லை, தாய் அதிகாலையில் வேலைக்குச் செல்கிறார், கண்காணிக்க ஆளில்லை" என்று இருந்தது. ஒழுக்கத்துக்கு ஆபத்து என்று பிணை மறுக்கப்பட்டு, விசாரணை முடியும் வரை சிறுவர்களை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்துக்கு அவன் போனான். ரேஷன் கார்டும் மதிப்பெண் சான்றிதழும் வைத்த பையோடு வராந்தாவில் நின்ற அவன் அம்மா கேட்டார்: "நான் வேலைக்குப் போறதுக்கு என் புள்ளைய ஏன் சார் புடிச்சு வெச்சிருக்காங்க?"

யோசித்துப் பாருங்கள். செய்ததாகச் சொல்லப்படும் காரியம் ஒன்று. ஒருவனுக்கு மட்டும் அடைப்பு. மறுப்பதற்குக் காரணம் எழுத வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, உண்மைதான். ஆனால் சட்டத்தின் வாசகத்தையே திருப்பி எழுதிவிட்டால் அது காரணமாகிவிடுமா? என்ன ஆபத்து, யாரால், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று எழுதியே ஆக வேண்டும். ஏழ்மையையும் அப்பா இல்லாததையும் காரணமாகக் காட்டவே கூடாது என்று சட்டத்திலேயே சேர்க்க வேண்டும். வீடு நிஜமாகவே பாதுகாப்பில்லை என்றால், பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகளைக் கவனிக்கும் குழந்தைகள் நலக் குழுவிடம் அனுப்ப வழி இருக்கிறது. அது உதவி. அடைத்து வைப்பது உதவி ஆகாது. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். காலக்கெடு பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். விசாரணைக்கு நான்கு மாதம், நீட்டித்தால் இன்னும் இரண்டு. கடுமையான வழக்குகளில் அதற்கு மேலும் நீட்டிக்கலாம். பிணை கிடைக்காத பையன் அத்தனை நாளும் உள்ளேயே இருக்க நேரலாம். ஆகவே அடைத்து வைப்பதற்குத் தனியாக ஓர் உச்சவரம்பு வேண்டும். இன்னொன்று: பிணை கிடைத்தும் நிபந்தனையை நிறைவேற்ற முடியாமல் ஏழு நாள் ஆகிவிட்டால், பையனைத் திரும்பக் குழுமத்தின் முன் நிறுத்தி நிபந்தனையை மாற்ற வேண்டும். இது இப்போதே சட்டத்தில் இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த பிள்ளை யாராவது அப்படி இருந்தால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். வக்கீலுக்குக் காசு தர வேண்டியதில்லை. வணக்கம்.