தடிப்பைக் காட்டாதீங்க, பூச்சியைப் பிடிங்க

வணக்கம்ங்க. பூச்சியைப் பத்திப் பேச கூப்பிட்டிருக்காங்க, அதுவும் வயல்ல இருக்கிற பூச்சி இல்ல, வீட்டுக்குள்ள வந்து நம்மளையே கடிக்கிற பூச்சி. நான் வேலை பாத்ததெல்லாம் நெல்லு, கரும்புன்னு பயிர்ப் பூச்சிதான், ஆனா ஊரு விடாதுல்ல, பூச்சி படிச்சவன்னு தெரிஞ்சா போதும், சொந்தக்காரங்க, எதிர் பிளாட்டு, மருமகளோட ஆபீஸ் ஃப்ரெண்டுன்னு எல்லாரும் கை காலை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பிட்டு "சார் இது எந்தப் பூச்சி கடிச்சது"ன்னு கேப்பாங்க. எல்லாருக்கும் ஒரே பதில்தான் குடுப்பேன். தடிப்பைப் பாத்து சொல்ல முடியாதுங்க, பூச்சியைப் பிடிச்சுக் காட்டுங்க.

தட்டிக் கழிக்கிறேன்னு நினைக்காதீங்க. அந்தத் தடிப்பு பூச்சி போட்ட கையெழுத்து இல்ல, அதோட எச்சில் உள்ள போனதுக்கு நம்ம உடம்பு காட்டுற கோபம். அந்தக் கோபம் ஆளுக்கு ஆள் மாறும். ஒரே கட்டில், ஒரே மெத்தை, ஒரே பூச்சி, பொண்டாட்டிக்கு கை பூரா சிவப்பு, புருஷனுக்கு ஒண்ணுமே இல்ல, உடனே அவரு "எனக்கு ஒண்ணும் கடிக்கலையே, உனக்குத்தான் ஏதோ சாப்பாட்டு அலர்ஜி"ன்னு டாக்டர் ஆயிடுவாரு. அவரையும் கடிச்சிருக்கும், அவர் தோல் கண்டுக்கல அவ்வளவுதான். இன்னொண்ணு, மூட்டைப்பூச்சி மாதிரி சிலது முதல் தடவை கடிச்சா தடிப்பு வர்றதுக்கே சில நாள் ஆகலாம், நீங்க நேத்து ராத்திரி படுத்த மெத்தையைத் திட்டிக்கிட்டு இருப்பீங்க, கடிச்சது போன வாரம் போன ரயில் பெர்த்தா இருக்கும். மூணு கடி வரிசையா இருந்தா மூட்டைப்பூச்சின்னு மொபைல்ல படிச்சிட்டு வர்றாங்க. தெள்ளுப்பூச்சியும் வரிசையா கடிக்கும், போர்வை விலகின ஓரத்துல கொசுவும் வரிசையா கடிக்கும். அதை நம்பி மெத்தையைத் தூக்கி தெருவுல போட்டுடாதீங்க.

சரி, பூச்சி கண்ணுல படவே இல்ல, என்ன பண்றது? அப்ப தோலை விட்டுட்டு மத்ததைக் கேக்கணும். எந்த நேரத்துல, எந்த ரூம்ல, எந்த சேர்ல உக்காந்தா, வீட்ல நாய் பூனை இருக்கா, ஜன்னல்ல புறா இருக்கா, புதுசா பழைய சாமான் ஏதாவது வாங்கினீங்களா. முக்கால்வாசி விடை இதுலயே வந்துடும்.

மூட்டைப்பூச்சியை முதல்ல முடிச்சிடுவோம், எல்லாருக்கும் அது மேலதான் சந்தேகம். நம்ம ஊர்ல அதிகமா இருக்கிறது வெப்ப நாட்டு மூட்டைப்பூச்சின்னு ஒரு இனம், சிமெக்ஸ் ஹெமிப்டெரஸ்னு பேரு, குளிர் நாட்டுல இருக்கிறது அதோட பங்காளி சிமெக்ஸ் லெக்டுலாரியஸ். வளந்தது 5 மில்லிமீட்டர் சொச்சம், தட்டையா, பழுப்பா இருக்கும், றெக்கை கிடையாது. குஞ்சு ஒண்ணரை மில்லிமீட்டர்தான், ரத்தம் குடிக்காதப்ப வெளிறிப்போய் கண்ணுக்கே தெரியாது. முட்டையை விட்டு வந்ததுல இருந்து அஞ்சு தடவை தோல் உரிக்கும், ஒவ்வொரு தடவையும் உரிக்கணும்னா ஒரு வேளை ரத்தம் குடிச்சே ஆகணும். அதனால பூச்சி கிடைக்கலைன்னாலும் தடயம் கிடைக்கும், மெத்தை தையல்ல, கட்டில் பலகை சேர்ற இடத்துல, ஸ்க்ரூ ஓட்டைல உரிச்ச தோலும் பேனாவால வச்ச புள்ளி மாதிரி கருப்புக் கறையும் இருக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு செல்போன் டார்ச்சை வச்சு தலைமாட்டுல தேடுங்க, பகல்ல தேடி "ஒண்ணும் இல்ல"ன்னு சொல்றது செல்லாது.

கட்டில் கால் நாலுக்கும் அடில கிண்ணம் வச்சா ஏற வர்றது மாட்டிக்கும்னு சொல்வாங்க, கடைல அதுக்குன்னே வழவழப்பான பிளாஸ்டிக் கிண்ணம் விக்கிறாங்க. அதுல ஒரு சிக்கல். நம்ம ஊரு இனம் வழவழப்பான சுவர்ல நல்லாவே ஏறும், மத்ததை விட அதோட கால்ல பிடிமானம் ஜாஸ்தி, 2017ல இதைச் சோதிச்சுப் பாத்து எழுதியிருக்காங்க. அதனால வெறும் கிண்ணம் வைக்காம கொஞ்சம் சோப்புத் தண்ணி ஊத்தி வைங்க, எறும்புக்கு பயந்து நம்ம பாட்டிங்க சாப்பாடு வைக்கிற மீட்சேஃப் அலமாரிக் காலுக்கு தண்ணி வச்ச அதே வேலைதான். கட்டில் சுவத்தை ஒட்டி இருந்தாலோ போர்வை தரைல தொங்கினாலோ கிண்ணம் வச்சும் பிரயோஜனம் இல்ல.

இப்ப நான் அதிகமா பாக்கிற கேஸ் வேற. பிளாட்டு, ரெண்டாவது மாடி மூணாவது மாடி, ஏசி போட்டு ஜன்னல் சாத்தின ரூம், நாய் பூனை கிடையாது, ஆனா ராத்திரில உடம்பு பூரா ஊருற மாதிரி இருக்கு, சின்னச் சின்ன கடி, மெத்தையைப் பிரிச்சா ஒரு மூட்டைப்பூச்சி கூட இல்ல, பெஸ்ட் கன்ட்ரோல் ரெண்டு தடவை வந்து மருந்து அடிச்சிட்டு காசு வாங்கிட்டுப் போயாச்சு, கடி நிக்கல. நான் கேக்கிற முதல் கேள்வி, ஏசி அவுட்டோர் யூனிட்டுக்குப் பின்னால புறா கூடு இருக்கா? "ஐயோ ஆமா சார், போன வாரம்தான் குஞ்சு பறந்துச்சு, கூட்டை எடுத்துப் போட்டோம்."

அங்கதான் விஷயம். பறவைச் செள்ளுன்னு ஒண்ணு இருக்கு, இது பூச்சியே இல்ல, எட்டுக் கால், சிலந்தி, உண்ணி ஜாதி. ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது, ரத்தம் குடிச்சா சிவப்பு கருப்பு, குடிக்கலைன்னா சாம்பல் வெள்ளை. கூட்டுல குஞ்சு இருக்கிற வரைக்கும் அதுக்கு சாப்பாட்டுப் பஞ்சம் இல்ல, நம்ம பக்கம் திரும்பிக்கூட பாக்காது. குஞ்சு பறந்துபோன அன்னைக்கு, இல்ல நாமளே கூட்டைக் கலைச்ச அன்னைக்கு, பசியோட கிளம்பி ஏசி பைப் ஓட்டை வழியா, ஜன்னல் இடுக்கு வழியா உள்ள வந்துடும். கிராமத்துல கோழி வளத்தவங்களுக்கு இதைச் சொல்லவே வேணாம், அடை படுத்த கோழி குஞ்சோட இறங்கினதும் அந்தக் கூடை பக்கம் போனா கையெல்லாம் ஊரும். மனுஷ ரத்தத்தை மட்டும் குடிச்சு அது குடும்பம் நடத்த முடியாது, சில வாரத்துல தானா செத்துடும், ஆனா அந்தச் சில வாரம் யார் தூங்குறது? குஞ்சு பறந்த கையோட மாஸ்க், கிளவுஸ் போட்டுக்கிட்டு எச்சத்துல தண்ணி தெளிச்சு நனைச்சு கூட்டை அள்ளி கவர்ல கட்டிடணும், இடத்தைக் கழுவி விட்டுட்டு பைப் ஓட்டையை அடைச்சு வலை கட்டணும். மெத்தைக்கு மருந்து அடிச்சவருக்கு வேர் இருக்கிற இடமே தெரியல பாருங்க.

இதே மாதிரி இன்னொரு ஆள் இருக்காரு, எனக்கு ரொம்பப் பிடிச்ச கேஸ், கடி வாங்கினவங்க கிட்ட இதைச் சொல்லக் கூடாது. சின்ன எறும்பு மாதிரி இருக்கும், 2 லேர்ந்து 4 மில்லிமீட்டர், "சார் எறும்புதான் ஆனா சுருக்குன்னு ஊசி குத்தின மாதிரி இருக்கு"ம்பாங்க. லென்ஸ்ல வச்சுப் பாத்தா எறும்புக்கு இடுப்புல இருக்கிற அந்த முடிச்சு இதுக்கு இருக்காது. இது ஒரு குளவி, ஸ்க்ளீரோடெர்மஸ்னு ஒரு வகை, பொம்பளைக் குளவில முக்காலுக்கும் றெக்கை கிடையாது. இது கடிக்கிறதில்ல, கொட்டுது. வீட்டுக்குள்ள இதுக்கு என்ன வேலை? உளுத்த மரம். பிரம்பு சேர், மூங்கில் கூடை, மாமரப் பலகைல அடிச்ச பழைய பெஞ்சு, இதுல எல்லாம் குண்டூசி ஓட்டை விழுந்து அடில தூள் கொட்டிக்கிட்டே இருக்கும் பாத்திருக்கீங்களா, அது துளைக்கிற வண்டோட வேலை. அந்த வண்டோட புழு மேல முட்டை வைக்கத்தான் இந்தக் குளவி வருது. அதாவது அவரு நமக்கு நல்லது பண்றவரு, நடுவுல நாம உக்காந்துட்டோம். ஒரு வீட்ல தாத்தாவுக்கு மட்டும் முதுகுல, தொடைல கொட்டும், அவரு உக்காந்து பேப்பர் படிக்கிற பிரம்பு சேரைத் தட்டினா மரத்தூளோட அதுவும் விழுந்துச்சு. அவருக்கு சேரை விட மனசே வரல. சேரை வெளியேத்தணும் இல்ல மரத்துக்கு வைத்தியம் பாக்கணும், ரூமுக்கு ஸ்ப்ரே அடிக்கிறது வேஸ்ட்டு.

மழைக்காலத்துல காலைல எந்திரிச்சா கழுத்துல தீக்காயம் மாதிரி கோடு, எரிச்சல், நீர்க் கொப்புளம், இது தனிக் கதை. ஆரஞ்சும் கருப்பும் மாத்தி மாத்தி இருக்கிற ஒல்லிப் பூச்சி, 7 லேர்ந்து 10 மில்லிமீட்டர், வால் பக்கத்தைத் தூக்கிக்கிட்டு ஓடும், ட்யூப் லைட்டுக்கு வரும். பெடிரஸ்னு பேரு, ஆசிட் பூச்சின்னும் சொல்றாங்க. இது கடிக்கவே கடிக்காதுங்க, கொட்டவும் கொட்டாது. கழுத்துல ஏதோ ஊருதேன்னு தூக்கத்துல நாமதான் நசுக்கித் தேய்க்கிறோம், அதோட உடம்புல இருக்கிற பெடிரின்னு ஒரு நஞ்சு தோல்ல படுது, ஒரு நாள் கழிச்சு கொப்பளிக்கும். முழங்கை மடிப்புல பட்டா மடக்குறப்ப எதிர்ப்பக்கமும் ஒட்டி ரெண்டு புண்ணு ஜோடியா வரும், அது நல்ல அடையாளம். இதை எட்டுக்கால் பூச்சி மூத்திரம்னு சொல்றவங்க உண்டு, அக்கின்னு நினைச்சு காவி எழுதிட்டு வர்றவங்க உண்டு. மேல ஊருறதைப் பாத்தா அடிக்காதீங்க, ஊதி விடுங்க, பட்டுச்சுன்னா உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்க, அந்தக் கையால கண்ணைத் தேய்க்காதீங்க. வயல்ல இது நெல்லுப் பூச்சியைத் தின்னு நமக்கு உதவி பண்ற ஜீவன், அதனால எனக்கு இது மேல கோபமே வராது.

மத்ததை வேகமா சொல்றேன். கணுக்கால்ல மட்டும் கடி, பிடிக்கப் போனா தாவுது, பக்கவாட்டுல தட்டையா இருக்குன்னா தெள்ளு, நாய் பூனையைப் பாருங்க. பூட்டிக்கிடந்த வீட்டைத் திறந்து நடந்ததும் திடீர்னு கடிச்சாலும் தெள்ளுதான், கூட்டுப்புழுக் கூட்டுக்குள்ள மாசக்கணக்கா காத்திருந்து காலடி அதிர்வு கேட்டு வெளிய வரும். சுவத்துல மெதுவா ஏறுற பழுப்பு ஜீவன், எட்டுக் கால்னா நாய் உண்ணி. பழைய புத்தகம், ஈரச் சுவர்ல ஓடுற வெளிறின குட்டிப் பூச்சி புத்தகப் பேன், மூட்டைப்பூச்சிக் குஞ்சுன்னு நினைச்சு ஜனங்க அலறுவாங்க, பாவம் அது பூஞ்சைக் காளானைத் தின்னுட்டு கிடக்கு, கடிக்கவே தெரியாது.

பூச்சியே கிடைக்கல, விரல் இடுக்குல, மணிக்கட்டுல, இடுப்புல அரிப்பு, ராத்திரில ஜாஸ்தி, வீட்ல ஒவ்வொருத்தருக்கா வருதுன்னா வீட்டைத் தேடாதீங்க, அது சிரங்கா இருக்கலாம், பறவைச் செள்ளு மாதிரியே எட்டுக் கால் ஜாதி, ஆனா கண்ணுக்குத் தெரியாம தோலுக்குள்ளயே குடியிருக்கும், தோல் டாக்டர் கிட்ட குடும்பத்தோட போகணும். காய்ச்சலோட உடம்புல எங்கயாவது சிகரெட் சுட்ட மாதிரி கருப்புப் பொருக்கு இருந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரி, ஸ்க்ரப் டைஃபஸ், புதர்ல இருந்து ஒட்டுற ஒட்டுண்ணியால வர்றது, டாக்சிசைக்ளின்னு சாதாரண மருந்துதான் அதுக்கு, லேட் பண்ணா உயிருக்கே ஆபத்து.

பிடிக்கிறது எப்படின்னு சொல்லிடுறேன், நேரம் ஆச்சுன்னு மணிக்கட்டைத் தட்டிக் காட்டுறாங்க. நசுக்காதீங்க. செலோடேப்ல ஒட்டலாம், ஆனா காலும் கொம்பும் பிஞ்சிடும், அதை விட சின்ன மருந்து பாட்டில்ல சானிடைசரோ ஸ்பிரிட்டோ ஊத்தி, ஈரமான பிரஷ் நுனியால தொட்டு உள்ள போடுங்க. வெள்ளைப் பேப்பர்ல வச்சு பக்கத்துல ஸ்கேல் வச்சு போட்டோ எடுங்க, மேல இருந்து ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு. எங்க, எப்ப கிடைச்சதுன்னு பாட்டில் மேல எழுதி ஒட்டுங்க. பக்கத்துல இருக்கிற வேளாண் கல்லூரியிலயோ விலங்கியல் படிப்பு இருக்கிற காலேஜ்லயோ காட்டினா பாத்துச் சொல்வாங்க. சிலர் தீப்பெட்டில தூசி, நூல், தோல் பொருக்கு மட்டும் கொண்டு வருவாங்க, மறுபடி மறுபடி கொண்டு வருவாங்க, ஒரு பூச்சியும் இருக்காது. அவங்களைப் பாத்து சிரிக்காதீங்க, அந்த அரிப்பு அவங்களுக்கு நிஜம், சர்க்கரை, தைராய்டு, சாப்பிடுற மருந்துன்னு உடம்புக்குள்ளயே காரணம் இருக்கலாம், மனசு சம்பந்தப்பட்டதாவும் இருக்கலாம், டாக்டர் கிட்ட கூட்டிட்டுப் போங்க.

என்ன பூச்சின்னு தெரியறதுக்கு முன்னாடி மருந்து அடிக்க விடாதீங்க. மூட்டைப்பூச்சிக்கே பாதி ஸ்ப்ரே இப்ப வேலை செய்யுறதில்ல, பழகிப்போச்சு, அடிச்சா பக்கத்து ரூமுக்கு ஓடும். துணியை வெந்நீர்ல அலசி நல்லா சூடா காய வைங்க, 50 டிகிரி தாண்டினா முட்டை கூட தாங்காது. மெத்தையை சும்மா வெயில்ல போட்டா பூச்சி நிழல் பக்கம் ஒதுங்கிக்கும், கருப்பு பாலித்தீன் ஷீட்ல சுத்திக் கட்டி வெயில்ல போட்டாலும் அடிப்பக்கம் அந்த அளவு சூடாகாது, அங்க ஒதுங்கினது தப்பிச்சிடும். நெல்லு மூட்டைக்கு வைக்கிற அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை மட்டும் படுக்கை ரூம்ல வைக்கவே வைக்காதீங்க, பாஸ்பீன் வாயு சுவர் இடுக்கு வழியா பக்கத்து வீட்டுக்கும் போகும், அதுல ஆளே செத்திருக்காங்க. வர்ற பெஸ்ட் கன்ட்ரோல் தம்பி கிட்ட விலை பேசுறதுக்கு முன்னாடி "நீ எந்தப் பூச்சியைப் பாத்தே, எங்க பாத்தே, காட்டு"ன்னு கேளுங்க, காட்டலைன்னா டீ குடுத்து அனுப்பிடுங்க.