மணிக்கு மணி மாறும் புகை: ஏர்மாடுக்கு உமிழ்வுத் தரவு தயாரித்தல்

(திரையில்: நள்ளிரவு தாண்டிய சாலை, வரிசையாக லாரிகள்)

வணக்கம். இப்போது இரவு இரண்டு மணி. பகலில் கனரக வாகனங்களுக்குத் தடை உள்ள நகரங்களில் லாரிகள் உள்ளே வருவது இந்த நேரத்தில்தான். தரை குளிர்ந்து, காற்று அசையாமல் கிடக்கிறது. புகைக்கு மேலே ஏற வழியில்லை, சாலையோர வீட்டு ஜன்னலுக்குள்தான் போகிறது. இதே லாரி மதியம் இரண்டு மணிக்கு வந்திருந்தால், வெயிலில் சூடாகி எழும் காற்று அந்தப் புகையை ஒரு கிலோமீட்டர் உயரம் வரைகூடக் கலந்து விட்டிருக்கும்.

சாலையின் ஆண்டு உமிழ்வை 8,760 மணிநேரத்தால் வகுத்து, புகை எங்கே எவ்வளவு பரவும் என்று கணக்கிடும் ஏர்மாட் போன்ற கணினி மாதிரிக்கு ஒரே எண்ணாகக் கொடுத்தால் என்ன ஆகும்? கணக்குப் போட்டே பார்ப்போம்.

(திரையில்: பகல், இரவு என இரண்டு கட்டங்கள்)

புரிவதற்காக நானே எடுத்துக்கொண்ட எண்கள் இவை. பகலில் விநாடிக்கு 1 கிராம் உமிழ்வு, இரவில் 3 கிராம். ஒரு கிராம் உமிழ்ந்தால் சாலையோரக் காற்றில் பகலில் கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம் செறிவு, இரவில் 20. உண்மையான சராசரிச் செறிவு: 5-ம் 60-ம் சேர்த்து 65, அதில் பாதி 32.5. உமிழ்வைச் சராசரியாக்கி இரண்டு வேளையும் 2 கிராம் என்று கொடுத்தால் 10-ம் 40-ம், பாதி 25. லாரிகளைப் பகலுக்கு மாற்றினால் 17.5. மொத்தப் புகை ஒன்றுதான், வானிலையும் ஒன்றுதான். மூன்று விடைகள்! எந்த மணியில் எவ்வளவு என்பதை விட்டுவிட்டால், அந்த ஜன்னலுக்குப் பின்னால் தூங்குபவர் சுவாசிப்பதை நாம் குறைத்துச் சொல்கிறோம்.

சரி, ஏர்மாடுக்கு வருவோம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2005-இல் ஏற்றுக்கொண்ட மாதிரி இது. இந்தியாவிலும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடுகளில் நிறையப் பயன்படுகிறது. நேரத்தோடு மாறும் உமிழ்வைச் சொல்ல இதில் இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, பெருக்கக் காரணிகள். அடிப்படை உமிழ்வு ஒன்று, அதைப் பெருக்க நாளின் 24 மணிக்கு 24 எண்கள். வாரநாள், சனி, ஞாயிறு என்று பிரித்தால் 72. அதை மாதவாரியாகவும் பிரித்தால் 864. சாலைக்கு இது போதும். அடிப்படை எண் ஆண்டுச் சராசரியாக இருந்தால், காரணிகளின் சராசரி சரியாக 1 வர வேண்டும். 24 எண்களைக் கூட்டினால் 24. இல்லையென்றால் இல்லாத புகையைச் சேர்க்கிறோம், அல்லது இருப்பதைத் தொலைக்கிறோம்.

பருவவாரியான காரணிகளும் உண்டு, ஆனால் தமிழ்நாட்டுக்கு நான் அதைத் தொடமாட்டேன். ஏர்மாடின் பருவங்கள் மும்மூன்று மாதங்கள், டிசம்பர் குளிர்காலத்தில் போய்விடும். நம் வடகிழக்குப் பருவமழையோ அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மழைக்காலம் இரண்டாக உடைந்துவிடும். மாதவாரியாகவே கொடுங்கள்.

(திரையில்: அனல்மின் நிலையப் புகைபோக்கி)

இரண்டாவது வழி, மணிவாரிக் கோப்பு. ஆண்டு, மாதம், நாள், மணி, புகை வரும் மூலத்தின் பெயர், உமிழ்வு, வாயுவின் வெப்பநிலை, வெளியேறும் வேகம். மணிக்கு ஒரு வரி. லீப் ஆண்டானால் 8,784 வரிகள்.

புகைபோக்கியில் உள்ள தொடர் கண்காணிப்புக் கருவி தருவது ஒரு கன மீட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற செறிவு. மாதிரி கேட்பது விநாடிக்கு எத்தனை கிராம். செறிவு 200, வாயு ஓட்டம் மணிக்கு 18 லட்சம் இயல்நிலைக் கன மீட்டர் என்றால், பெருக்கி 36 லட்சத்தால் வகுங்கள். விநாடிக்கு 100 கிராம்.

வேகத்துக்கு இந்த இயல்நிலைக் கன அளவு உதவாது. அது 25 டிகிரி செல்சியஸில் கணக்கிட்டது, புகைபோக்கியில் வாயு 130 டிகிரியில் இருக்கிறது. 403 கெல்வினை 298-ஆல் வகுத்தால் 1.35. விநாடிக்கு 500 கன மீட்டர் என்பது 676 ஆகிறது. 7 மீட்டர் விட்டமுள்ள வாயில் அது விநாடிக்குச் சுமார் 17.6 மீட்டர். ஈரப்பதத்தைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும்.

வேகத்தையும் வெப்பநிலையையும் மணிக்கு மணி மாற்றுவது ஏன்? பாதி லோடில் ஓடும்போது உமிழ்வு குறையும், கூடவே புகையின் எழுச்சியும் குறையும். உமிழ்வு பாதியானதால் தரையில் செறிவும் பாதியாகும் என்று எண்ண முடியாது. பாய்லரை எண்ணெயில் பற்றவைக்கும் நேரம் இன்னும் மோசம். தூசு பிடிக்கும் மின்வடிகட்டியை அப்போது பெரும்பாலும் இயக்கமாட்டார்கள். புகையும் ஆறிப்போய் மெல்ல வரும். கருவித் தரவில் பலர் வெட்டி எறிவது இந்த மணிகளைத்தான். தயவுசெய்து வெட்டாதீர்கள்.

விடுபட்ட மணிகளில் கண்ணை மூடிக்கொண்டு பூஜ்யம் போடாதீர்கள். யூனிட் நின்றிருந்தால் பூஜ்யம் உண்மை. கருவி பழுதாகியிருந்தால் அது பொய். மின் உற்பத்திப் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அந்த இடங்களை நிரப்ப வேண்டும்.

(திரையில்: இரண்டு கடிகாரங்கள்)

அப்புறம் நேரம். ஏர்மாடில் மணி 1 முதல் 24 வரை. முதல் மணி என்றால் நள்ளிரவு 12 முதல் 1 வரை, அதாவது முடியும் நேரத்தால் பெயர். உங்கள் கருவி தொடங்கும் நேரத்தால் பெயரிட்டால் எல்லாம் ஒரு மணி நகர்ந்துவிடும். உமிழ்வுக் கோப்பின் தேதியும் மணியும் வானிலைக் கோப்போடு பொருந்தாவிட்டால் ஏர்மாட் பிழை காட்டி நிற்கும். பெயர் பொருந்தி, உள்ளே இருக்கும் எண் வேறு மணியுடையதாக இருந்தால் அதற்கு எப்படித் தெரியும்?

இந்தியாவில் அரை மணிச் சிக்கலும் உண்டு. உலகளாவிய வானிலைத் தரவு கிரீன்விச் மணிக்கணக்கில் வரும், நம் கடிகாரம் ஐந்தரை மணி முன்னால். இரண்டு மணிகளுக்கு நடுவே இடைக்கணித்து இந்திய நேரத்துக்குக் கொண்டுவரலாம், ஆனால் காற்றின் திசையை எண்ணாகச் சராசரி எடுக்காதீர்கள். 350 டிகிரிக்கும் 10 டிகிரிக்கும் சராசரி 180, வடக்கிலிருந்து வீசும் காற்று தெற்கிலிருந்து வீசியதாகிவிடும். கிழக்கு, வடக்குக் கூறுகளாகப் பிரித்துச் செய்யுங்கள்.

மாதிரியை ஓட்டுவதற்கு முன் இரண்டு சோதனைகள். எல்லா வரிகளின் உமிழ்வையும் கூட்டி 3,600-ஆல் பெருக்குங்கள். ஆண்டு முழுக்க விநாடிக்கு 1 கிராம் என்றால் 31.5 டன், அதை வைத்து உங்கள் மொத்தத்தை ஆலையின் ஆண்டுக் கணக்கோடு ஒப்பிடுங்கள். பிறகு 24 மணிக்கும் சராசரி உமிழ்வை வரைபடமாக்கி, சாலையையோ ஆலையையோ அறிந்த ஒருவரிடம் காட்டுங்கள். லாரிகள் பத்து மணிக்கு உள்ளே வருகின்றனவா, பதினொன்றுக்கா என்று அவர் உடனே சொல்லிவிடுவார்.