மிச்ச நூலில் விரல் மூடாத கையுறை

வணக்கம் நேயர்களே. நம் தென்னாப்பிரிக்காவில் ஆடி என்றால் குளிர்காலம். டர்பனில் அது லேசு. ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவிலோ காலையில் புல் மேல் உறைபனி கிடக்கும். அம்மனுக்குக் கூழ் காய்ச்ச விடியலில் எழுபவர்களுக்கு விரல் மூடாத கையுறை பெரிய உதவி. ஸ்வெட்டர் பின்னி மிஞ்சிய 40 கிராம் டபுள் நிட் நூல், அதாவது நடுத்தரத் தடிமன் நூல், ஒரு ஜோடிக்குத் தாராளம்.

ஊசியைத் தொடுவதற்கு முன் சமையலறைத் தராசை எடுங்கள். மிச்ச நூல் வேலை கெடுவது இங்கேதான். ஒரு கை அழகாக முடியும், மறு கை பாதியில் நிற்கும். நூலை 20 கிராம் வீதம் இரண்டு உருண்டையாகப் பிரித்துவிட்டால், குறைந்தாலும் இரு கையிலும் ஒரே இடத்தில் நிறம் மாற்றிக்கொள்ளலாம்.

என்ன நூல் என்று சொல்லும் சீட்டு தொலைந்துவிட்டதா? சிறு துண்டை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தட்டுக்கு மேல் கொளுத்துங்கள். முடி கருகும் வாடை வந்து, சாம்பல் நொறுங்கினால் கம்பளி. உருகிக் கெட்டி மணியானால் அக்ரிலிக். இரண்டையும் ஒரே கையுறையில் கலக்காதீர்கள். வெந்நீர் பட்டால் சாதாரணக் கம்பளி சுருங்கும், அக்ரிலிக் சுருங்காது. கையுறை கோணிக்கொள்ளும். அக்ரிலிக் கையுறையை அடுப்பருகே போட்டுக்கொள்ளவே வேண்டாம், தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும்.

4 மில்லிமீட்டர் ஊசியில் 42 கண்ணி போடுங்கள். இரண்டு நிட் (நேர்க் கண்ணி), இரண்டு பர்ல் (எதிர்க் கண்ணி) என்று போய் இரண்டு நிட்டில் வரிசை முடியும். திரும்பும் வரிசை இரண்டு பர்லில் தொடங்கும். ஏன் 40 இல்லை? பின்னிய துண்டை மடித்து ஓரம் தைக்கும்போது பக்கத்துக்கு ஒரு கண்ணி உள்ளே போய்விடும். மிஞ்சும் ஒற்றை நிட்கள் இரண்டும் சேர்ந்து ஒரு ஜோடியாகும், தையல் இருக்கும் இடமே தெரியாது.

நிறம் மாற்றுவதை, வெளியே தெரியும் பக்கம் உங்களைப் பார்த்திருக்கும் வரிசையில் செய்யுங்கள். அந்த ஒரு வரிசை முழுவதும் நிட். பர்ல் போட்டால் பழைய நிறம் புள்ளிபுள்ளியாக எட்டிப் பார்க்கும். அடுத்த வரிசையிலிருந்து பழையபடி இரண்டிரண்டு.

17 சென்டிமீட்டர் நீளம் வந்ததும் 5 மில்லிமீட்டர் ஊசியால் கண்ணிகளைத் தளர்வாக முடியுங்கள். இறுக்கினால் விரல் நுழையாது. மணிக்கட்டிலிருந்து 8 சென்டிமீட்டர் தைத்து, கட்டைவிரலுக்கு 5 விட்டு, மீதி 4 தையுங்கள். அந்த ஓட்டையின் இரு மூலையிலும் இரண்டு முறை ஊசி ஓட்டுங்கள், முதலில் பிரிவது அங்கேதான். நூல் முனைகளை 15 சென்டிமீட்டர் விட்டு வெட்டி, உள்பக்கம் கொஞ்சம் கோத்து, வந்த வழியே திருப்பியும் கோத்துவிடுங்கள். ஒரே திசையில் கோத்த முனை நாலு சலவையில் வெளியே வந்துவிடும்.