சேர்த்த பொருள் சுமையே

நடுவர் அவர்களே, தருமபுரிப் பெருமக்களே, வணக்கம்.

வீட்டில் சேர்ந்த பொருள் சொத்தா, சுமையா என்பது தலைப்பு. சுமை என்று சொல்ல வந்திருக்கிறேன். "பேர் வெட்டிய சீர்ப் பாத்திரத்தில் உறவு இருக்கிறது, அதை எப்படித் தள்ளுவது?" என்று எதிரணி அம்மா கேட்டார். உறவு இருக்கிறதுதான். ஆனால் அந்தப் பாத்திரம் பரண்மேல் சாக்கில் கட்டினபடி கிடக்கிறதே! ஆயா செம்பை இறக்கித் தினம் தண்ணீர் குடித்தால்தானே ஆயா நினைவுக்கு வருவார்?

அன்று தகடூர் என்றிருந்த இந்தத் தருமபுரியை ஆண்ட அதியமானுக்காகப் பகை மன்னன் தொண்டைமானிடம் தூது போனார் ஔவையார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். அதைப் பார்த்து ஔவையார் பாடியது புறநானூற்றின் 95ஆம் பாட்டு. உன் வேல்கள் மயில்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசி, காவலுள்ள மனையில் இருக்கின்றன. எங்கள் மன்னன் வேல்களோ பகைவரைக் குத்தி, நுனி சிதைந்து, கொல்லன் கொட்டிலில் கிடக்கின்றன என்றார். போர்க்கருவிகளைப் பற்றிய பாட்டுதான். ஆனாலும் புழங்கித் தேய்ந்ததைத்தானே அந்தக் கிழவி பெருமையாகச் சொன்னார்? பாட்டின் முடிவைக் கவனியுங்கள். இருந்தால் பிறருக்கு உணவு கொடுப்பான், இல்லாதபோது உள்ளதை அவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து உண்பான் எங்கள் தலைவன் என்கிறார். வேலில் தொடங்கியவர் சோற்றில் வந்து முடிக்கிறார். கையில் இருப்பது எதற்கு என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

"எப்போதாவது வேண்டியிருக்கும்" என்றார்கள். சரி, கல்யாணம் மண்டபத்தில் நடக்கிறது, பாத்திரம் சமையல்காரரோடு வருகிறது. நம் வீட்டுப் பித்தளை அண்டா பொங்கலுக்குப் பொங்கல் இறங்கும். புளி போட்டுத் தேய்த்ததும் மறுபடி ஏறும். தேய்ப்பது யார்? இடுப்பு வலியோடு நம் வீட்டுப் பெண்கள். அந்த உழைப்பை எதிரணி எந்தக் கணக்கில் எழுதும்? ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போன நம் பிள்ளைகளைப் பாருங்கள். ஓடாத மிக்சிக்கும் பழைய டிவிக்கும் சேர்த்து மாதாமாதம் வாடகை கட்டுகிறார்கள். குழந்தை உட்கார்ந்து எழுத ஒரு மேசை போட இடமில்லை.

எல்லாவற்றையும் வீசச் சொல்லவில்லை. பட்டா, பத்திரம், சான்றிதழ், ஆஸ்பத்திரிச் சீட்டு இவை ஒரே பெட்டியில், கேட்டதும் கைக்கு வருகிற மாதிரி இருக்க வேண்டும். குப்பைக்குள் தொலைவது முதலில் இவைதான். நம் மானாவாரிக் காட்டுக்காரர்கள் விதை ராகியைத் தனியாக எடுத்து வைப்பார்கள். அதுவும் சேமிப்புதான், ஆனால் மழை வந்ததும் நிலத்துக்குப் போகிற சேமிப்பு. அப்படி வெளியே போக வழியுள்ள பொருளை வைத்துக்கொள்ளுங்கள். மற்றதைப் புதுக்குடித்தனம் வைத்த பெண்ணுக்கோ, இல்லாத வீட்டுக்கோ நல்ல நிலையில் இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள்.

இதைப் பெரியவர்கள் இருக்கும்போதே செய்ய வேண்டும். நாற்காலி போட்டு உட்காரவைத்து, ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிக் கேளுங்கள். இது யார் கொடுத்தது, இனி யாருக்குப் போகணும் என்று அவர்கள் வாயாலேயே சொல்லட்டும். அவர்கள் போன பிறகு எது யார் கொடுத்தது என்று நமக்குத் தெரியாது. எல்லாம் ஒன்றாகப் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குத்தான் போகும். நன்றி, வணக்கம்.