ஹாஸ்கெல்ல டெம்ப்ளேட் லைப்ரரி: பெயர் விடுபட்டா என்ன பண்றது?

அடுத்த கேள்வி. ஹாஸ்கெல்ங்கற ப்ரோகிராமிங் மொழில, இமெயில் அனுப்புறதுக்கு ஒரு சின்ன டெம்ப்ளேட் லைப்ரரி ஒருத்தர் எழுதிட்டிருக்காங்க. "ரெண்டர்னு ஒரே ஃபங்ஷன். டெம்ப்ளேட்டையும், எந்தப் பெயருக்கு என்ன மதிப்புன்னு சொல்ற மேப்பையும் கொடுத்தா டெக்ஸ்ட் வரும். மேப்ல பெயர் இல்லன்னா அந்த இடம் காலியா போயிடுது. எர்ரர் எறியணுமா, மேபி (மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம்னு சொல்ற டைப்) திருப்பணுமா?"ன்னு கேட்டிருக்காங்க.

ரெண்டும் வேண்டாங்க. அந்த முடிவை லைப்ரரி எடுக்கவே கூடாது, கூப்பிடுறவங்க எடுக்கட்டும். அதுக்கு டிசைன்ல இடம் விடணும், அவ்வளவுதான்.

முதல்ல பார்ஸை, அதாவது டெம்ப்ளேட்டைப் படிச்சுத் துண்டாக்குற வேலையை, ரெண்டர்ல இருந்து பிரிச்சிடுங்க. "வணக்கம் $பெயர், உங்க பில் $தொகை"ங்கறதை பார்ஸ் பண்ணா நாலு துண்டு வரும். ரெண்டு துண்டு அப்படியே போற எழுத்து, மத்த ரெண்டும் கோடிட்ட இடம். அந்தக் கோடிட்ட இடத்துல என்ன இருக்கும்ங்கறதை டெக்ஸ்ட்னு கட்டிப் போடாம டைப் பாராமீட்டரா, எந்த டைப் வேணும்னாலும் போடுற மாதிரி விடுங்க. பார்ஸ் முடிஞ்சப்போ அங்க பெயரும் வரி எண்ணும் இருக்கும், நிரப்பினப்புறம் மதிப்பு இருக்கும். துண்டுகள் மேல ஒவ்வொண்ணா நடக்க உதவுற ஃபங்டர், ஃபோல்டபிள், டிராவர்சபிள் மூணையும் டெரைவிங் (deriving) போட்டா கம்பைலரே எழுதிக் கொடுத்துடும்.

இப்ப நிரப்புற வேலை மொத்தமும் டிராவர்ஸ்தான், ஒவ்வொரு கோடிட்ட இடத்துலயும் நாம கொடுக்கிற ஃபங்ஷனை ஓட்டி விடைகளைச் சேர்க்கும். பெயரைத் தேடுற ஃபங்ஷன் ஐதர் (ஒண்ணு பிழை, இல்லன்னா மதிப்பு) திருப்பினா, விடுபட்ட முதல் பெயர்லயே நின்னுடும். அதையே பிழைகளைச் சேர்த்துக்கிட்டே போற வேலிடேஷன் அப்ளிகேட்டிவா மாத்தினா, விடுபட்ட எல்லாப் பெயரும் வரி எண்ணோட ஒரே தடவைல வரும். ஐஓ (வெளியுலகத்தோட பேசுற வேலை) கொடுத்தா டேட்டாபேஸ்ல இருந்தே எடுத்துக்கலாம். லைப்ரரில ஒரு வரி மாறாது, பாருங்க! மதிப்பு எதுவும் இல்லாம எல்லா இடத்தையும் ஒண்ணா திரட்டுற ஃபோல்ட்மேப் மட்டும் பண்ணா, டெம்ப்ளேட் கேக்குற பெயர்ப் பட்டியலே கிடைச்சிடும். சர்வர் கிளம்புறப்பவே அதைச் சரிபாருங்க. காலி இமெயில் கஸ்டமர் கைக்குப் போகாது.

டெம்ப்ளேட்ல "இஃப்" நிபந்தனை சேர்க்கிறப்போதான் சிக்கல். டிராவர்ஸ் ரெண்டு கிளைக்குள்ளயும் போகும். அதனால எடுக்கப்படாத கிளைல ஒரு பெயர் விடுபட்டிருந்தாலும் பிழைன்னு சொல்லும். மோனாட் (முந்தின விடையைப் பார்த்து அடுத்த படியை முடிவு பண்ற வழி) வச்சா மதிப்பைப் பார்த்து கிளையைத் தேர்ந்தெடுக்கலாம், ஆனா வேலிடேஷன் மோனாட் இல்ல, எல்லாப் பிழையையும் சேர்த்துக் காட்டுற வசதி போயிடும். நான் சொல்றது ரெண்டு நடை. முதல் நடைல நிபந்தனைகளை மட்டும் தீர்த்து, வேண்டாத கிளையை வெட்டிடுங்க. மிஞ்சின தட்டையான லிஸ்ட் மேல ரெண்டாவது நடைல டிராவர்ஸ்.

வேகம் பத்தி ஒண்ணு. ஸ்ட்ரிங் வேண்டாம், அது எழுத்து எழுத்தா லிங்க்டு லிஸ்ட். டெக்ஸ்ட் பேக்கேஜ் எடுங்க. அதுலயும் துண்டுகளை இடதுபக்கத்துல இருந்து ஒவ்வொண்ணா அப்பெண்ட் பண்ணாதீங்க, ஒவ்வொரு தடவையும் அதுவரைக்கும் சேர்ந்தது முழுசா காப்பி ஆகும். லிஸ்ட்டை அப்படியே அந்தப் பேக்கேஜ்ல இருக்கிற கன்கேட் ஃபங்ஷனுக்குக் கொடுத்தா மொத்த நீளத்தை முதல்லயே கணக்குப் போட்டு ஒரே தடவை காப்பி பண்ணும்.

எச்டிஎம்எல் மெயிலா இருந்தா மதிப்புக்குத் தனி நியூடைப் (இருக்கிற டைப்பைச் சுத்தி வேற பெயர்ல புது டைப்) வைங்க. எஸ்கேப் பண்ற, அதாவது எச்டிஎம்எல்ல தனி அர்த்தம் உள்ள குறிகளை மாத்தி எழுதுற ஃபங்ஷன் வழியா மட்டுந்தான் அதை உருவாக்க முடியணும். & குறியை முதல்ல மாத்துங்க. < குறியை முதல்ல மாத்தினா அது < ஆகும், அப்புறம் & மாத்துறப்போ அதுல இருக்கிற &-ம் மறுபடி எஸ்கேப் ஆகிடும்.

பார்ஸர்ல டாலரையே எழுத வழி வேணும், $$ன்னா ஒரு டாலர்னு வச்சுக்குங்க. பெயர் எண்ணுல ஆரம்பிக்கக் கூடாதுன்னு வச்சா $50 மாதிரி விலை மாட்டாது. தமிழ்ப் பெயர் வைக்கிறவங்க இன்னொண்ணு கவனிங்க: பெயர் எங்க முடியுதுன்னு பார்க்க எழுத்தான்னு சோதிக்கிற இஸ்ஆல்ஃபா மட்டும் போட்டா, "பெயர்"ல "ப" மட்டும்தான் பெயராகும். ஒற்றைக்கொம்பும் புள்ளியும் யூனிகோட்ல எழுத்து வகை இல்ல, மார்க் வகை. அதனால மார்க்கான்னு சோதிக்கிற இஸ்மார்க்கையும் அந்த நிபந்தனைல சேர்த்துடுங்க.