கையெழுத்துப் போடும் முன்

நேயர்களுக்கு வணக்கம். அடிதடியோ வழிப்பறியோ நடந்தால் உடனே நம் வாயில் வருவது ‘ஸ்டேஷனில் ஒரு கம்ப்ளெயின்ட் கொடு’ என்பதுதான். கொடுத்த புகார் எஃப்.ஐ.ஆர்., அதாவது முதல் தகவல் அறிக்கை, ஆனதா, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. எத்தனையோ வழக்குகள் அந்த இரண்டு மூன்று தாள்களிலேயே தோற்றுப்போகின்றன.

வாரண்ட் இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றங்கள் உண்டு: கொலை, வழிப்பறி, ஆள்கடத்தல் போன்றவை. அப்படி ஒரு குற்றம் நடந்ததாகத் தகவல் சொன்னால் பொதுவாக வழக்குப் பதிந்தே ஆக வேண்டும். 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதை அழுத்தமாகச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இது 173-வது பிரிவு. ‘எங்கள் எல்லையில் நடக்கவில்லை’ என்று இனி எந்த ஸ்டேஷனும் திருப்பி அனுப்ப முடியாது. மின்னஞ்சலிலும் புகார் அனுப்பலாம். ஆனால் 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். இன்னொன்று, தமிழ்நாட்டில் புகாரைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டு கொடுக்கும் சி.எஸ்.ஆர். ரசீது எஃப்.ஐ.ஆர். ஆகாது. புகார் வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டுமே அது அத்தாட்சி.

எஃப்.ஐ.ஆர். படிவத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். சம்பவம் நடந்த நேரத்துக்கு ஒரு கட்டம், ஸ்டேஷனுக்குத் தகவல் வந்த நேரத்துக்கு ஒரு கட்டம், ஸ்டேஷனிலிருந்து எவ்வளவு தூரம், எந்தத் திசை, தாமதம் என்றால் ஏன், நீதிமன்றத்துக்கு அனுப்பியது எப்போது என்று தனித்தனியாகக் கேட்டிருக்கும். எதிர்த்தரப்பு வக்கீலின் கண் முதலில் போவது இந்த நேரங்களின் மேல்தான்.

இதற்கு ஒரு வழக்கைச் சொல்லியே ஆக வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் போன கொலை வழக்கு, 1972-ல் தீர்ப்பு. கண்ணால் பார்த்ததாகச் சாட்சி இருந்தது. கீழ் நீதிமன்றத்தில் மரண தண்டனையும் விதித்திருந்தார்கள். ஆனால் ஸ்டேஷன் 2 மைல் தூரத்தில் இருந்தும், புகார் போனது 20 மணி நேரத்துக்குப் பிறகு. ஏன் என்பதற்கு நம்பும்படியான பதில் இல்லை. இடைப்பட்ட நேரத்தில் யோசித்துச் சேர்த்த விஷயங்களுக்கு இடம் உண்டாகிறது என்றது நீதிமன்றம். குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானார்.

தாமதமே வழக்கைக் கொன்றுவிடும் என்று பயப்பட வேண்டாம். அடிபட்டவரை முதலில் ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிப் போக வேண்டும். அதைப் புகாரிலேயே எழுதுங்கள்: எத்தனை மணிக்குச் சேர்த்தோம், எப்போது அங்கிருந்து கிளம்பினோம். காரணம் சொல்லாத தாமதம்தான் கெடுதல்.

அதேபோல, பார்த்ததைப் பார்த்ததாகவும் கேட்டதைக் கேட்டதாகவும் சொல்லுங்கள். அடித்தவர் ஒருவர் என்றால் ஒருவர்தான். கோபத்தில் அவர் அண்ணன், தம்பி, மாமனார் எல்லோரையும் சேர்த்தால், பின்னால் உண்மையாக அடித்தவரும் சேர்ந்து தப்பிக்க வழியாகும். பெயர் தெரியாவிட்டால் உயரம், சட்டை நிறம், வண்டி எண்ணில் நினைவிருக்கும் இரண்டு இலக்கம், அது போதும். கையில் அரிவாள் இருந்ததா, கட்டையா என்பதை விட்டுவிடாதீர்கள். எஃப்.ஐ.ஆரில் எல்லா விவரமும் இருக்க வேண்டியதில்லைதான். ஆனாலும் முக்கியமான ஒன்றை அங்கே விட்டுவிட்டு ஒரு வருடம் கழித்துக் கூண்டில் ஏறிச் சொன்னால், ‘இதை அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?’ என்ற கேள்வி வரும்.

புகாரை வாயால் சொன்னால் போலீஸார் எழுதி, படித்துக் காட்ட வேண்டும். படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து. மறுபடியும் சொல்கிறேன், படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து. நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள்.

பதிவு செய்ய மறுத்தால் புகாரை எழுத்தில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரான எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அங்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் பிரமாணப் பத்திரத்தோடு மனு. எஸ்.பி. படியைத் தாண்டிக் குதித்தால் மனு நிற்காது.

கைது, ஜாமீன் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. இரண்டே விஷயம். கைதானவரை, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். 60 நாளில், கடுமையான குற்றங்களில் 90 நாளில், குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை என்றால் ஜாமீன் கேட்பது அவர் உரிமை. ஆனால் அது தானாக வந்துவிடாது. குற்றப்பத்திரிகை வந்து சேருமுன் மனு போட்டிருக்க வேண்டும். வணக்கம்.